மாடியில் மட்டும் ‘இணையம் இல்லை’: ஒரு வீட்டு வைஃபை, நான்கு கோளாறுகள்

இரண்டு தளம் கொண்ட வீடு. ஃபைபர் இணைப்பு தரைத்தளத்து முன்னறைக்கு வந்து ரவுட்டரில் முடிகிறது. மாடிக்கு சிக்னல் போதாததால் பழைய ரவுட்டர் ஒன்றை கேபிள் இழுத்து அங்கே மாட்டியிருக்கிறார்கள். இரண்டிலும் ஒரே வைஃபை பெயர், ஒரே பாஸ்வேர்ட். திட்டத்தின் வேகம் டவுன்லோடுக்கு 300 எம்பிபிஎஸ், அப்லோடுக்கு 30. போன், லேப்டாப், டிவி, பிரிண்டர், கேமரா என்று இருபதுக்குச் சற்றுக் குறைவான கருவிகள். பல வீடுகளில் திரும்பத் திரும்ப வரும் கோளாறுகளை ஒரே வீட்டில் சேர்த்து வைத்து எழுதிய ஆய்வு இது. அளவுகளும் அத்தகைய வீடுகளில் வழக்கமாகக் கிடைப்பவைதான்.

புகார்கள் நான்கு. மாடியில் போன் வைஃபையில் சேர்ந்திருக்கும், ஆனால் ‘இணையம் இல்லை’ என்று காட்டும். சில நேரம் தானாகச் சரியாகும், சில நேரம் நாள் முழுக்க அப்படியே கிடக்கும். இரண்டாவது, மாலை ஏழு மணிக்கு மேல் வீடியோ கால் உறைந்து நின்றுவிடும். மூன்றாவது, மாடி லேப்டாப்பில் டவுன்லோட் 20 எம்பிபிஎஸ்ஸைத் தாண்டுவதே அபூர்வம். கடைசியாக, பாதுகாப்புக்காக கீழ் ரவுட்டரை டபிள்யூபிஏ3 என்ற புதிய வைஃபை பாதுகாப்பு முறைக்கு மாற்றிய நாளிலிருந்து பிரிண்டர் வைஃபையில் சேரவே இல்லை.

நான்கையும் ஒரே கோளாறு என்று நினைத்து வீட்டார் ஒரே வைத்தியம் செய்துவந்தார்கள்: ரவுட்டரை அணைத்துப் போடுவது. அதில் ஒரு பெரிய இழப்பு உண்டு. பெரும்பாலான வீட்டு ரவுட்டர்கள் நிகழ்வுப் பதிவை, அதாவது லாக்கை, தற்காலிக நினைவகத்தில்தான் வைத்திருக்கின்றன. அணைத்ததும் இணையம் ஏன் போனது என்பதற்கான தடயமும் சேர்ந்தே அழிந்துவிடும். ஆகவே கோளாறு வந்த நேரத்தில் கை முதலில் போக வேண்டிய இடம் சுவிட்ச் அல்ல, பிரவுசரில் ரவுட்டரின் முகவரியைத் தட்டினால் திறக்கும் நிர்வாகப் பக்கம்.

அங்கே இரண்டு நேரங்களைப் பார்க்க வேண்டும். ஒன்று, ரவுட்டர் எவ்வளவு நேரமாக ஓடுகிறது. மற்றொன்று, வெளி இணைப்பு எவ்வளவு நேரமாக அறாமல் இருக்கிறது. யாரும் அணைக்காமலேயே முதல் எண் சிறியதாக இருந்தால் ரவுட்டர் தானாக ரீஸ்டார்ட் ஆகிறது என்று பொருள். பவர் அடாப்டர் தளர்ந்திருக்கலாம், அல்லது காற்றோட்டமில்லாத இடத்தில் சூடேறிக்கொண்டிருக்கலாம். ரவுட்டர் பல நாளாக ஓடி, வெளி இணைப்பு மட்டும் சில நிமிடங்களாக இருந்தால் லைன்தான் அறுகிறது. இந்த வீட்டில் இரண்டு எண்களும் ஒன்றே: 11 நாள். ஃபைபரில் வந்துசேரும் ஒளியின் அளவு -21 டிபிஎம் (சிக்னலின் வலுவை அளக்கும் அலகு; பூஜ்யத்தை நெருங்க நெருங்க வலு கூடும்). வீடுகளுக்கு வரும் ஜிபான் என்ற ஃபைபர் இணைப்புகளில் பரவலாக உள்ள பி-பிளஸ் வகைக்குக் கீழ் எல்லை -27 டிபிஎம் என்பதால் இதில் குறையில்லை. ஒரு பதினொரு நாளைக்கு லைன் ஒரு முறைகூட அறவில்லை என்றால், சேவை நிறுவனத்துக்குப் போன் போட்டுப் பயனில்லை. கோளாறு வீட்டுக்குள் இருக்கிறது.

எந்தத் துண்டு அறுகிறது

கருவியிலிருந்து ரவுட்டர் வரை ஒரு துண்டு, ரவுட்டரிலிருந்து வெளியுலகம் வரை இன்னொரு துண்டு. இரண்டையும் ஒரே நேரத்தில் தனித்தனியாக அளந்தால் பாதி வேலை முடிந்தது. லேப்டாப்பில் இரண்டு கட்டளைச் சாளரங்களைத் திறந்து, ஒன்றில் ரவுட்டரின் முகவரிக்கும் (இங்கே 192.168.1.1) மற்றொன்றில் 1.1.1.1 போன்ற வெளி முகவரிக்கும் பிங், அதாவது பதில் வர எவ்வளவு நேரமாகிறது என்று அளக்கும் கட்டளை, ஓட விடுங்கள். விண்டோஸில் நிற்காமல் ஓட ‘-t’ என்ற சிறிய ஆங்கில எழுத்தைச் சேர்க்க வேண்டும். போனில் செய்யாதீர்கள். மின்சிக்கனத்துக்காக போன் அடிக்கடி கண்ணயரும், அந்தத் தாமதமும் கணக்கில் ஏறிவிடும்.

இரண்டுமே தடுமாறினால் வைஃபை அல்லது உள் கேபிள். முதலாவது சீராக இருந்து இரண்டாவது மட்டும் தடுமாறினால் லைன் அல்லது லைனில் நெரிசல். இரண்டும் சீராக இருந்தும் தளங்கள் திறக்கவில்லை என்றால் பெயரை முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ் சர்வரில் சிக்கல்.

இந்தச் சோதனையைக் கீழே கேபிளில் ஒரு முறை, மாடியில் வைஃபையில் ஒரு முறை செய்ததும் புகார்கள் பிரிந்துபோயின. கீழே கேபிளில் ரவுட்டர் எப்போதும் 1 மில்லிவினாடிக்குள் பதில் தந்தது. வெளி முகவரி பகலில் 12 மில்லிவினாடி, மாலையில் 400 முதல் 700 வரை. மாடியில் ‘இணையம் இல்லை’ என்று காட்டிய நேரத்தில் 192.168.1.1-இலிருந்து பதிலே இல்லை. ஆனால் வைஃபை சிக்னல் -52 டிபிஎம், அதாவது மிக நன்று. சிக்னல் நன்றாக இருந்தும் ரவுட்டர் பதில் தரவில்லை என்றால் அடுத்துப் பார்க்க வேண்டியது கருவியின் ஐபி முகவரி.

முகவரி கொடுக்க இரண்டு பேர்

மாடி லேப்டாப்பில் இருந்த முகவரி 192.168.0.103. வெளியே போகும் வாசலான கேட்வே 192.168.0.1. கீழ் ரவுட்டர் கொடுக்கும் முகவரிகளோ 192.168.1 என்று தொடங்குபவை. விண்டோஸில் ‘ipconfig /all’ கட்டளை தரும் பட்டியலில், முகவரி கொடுத்தது யார் என்று சொல்லும் டிஹெச்சிபி சர்வர் என்ற வரியில் 192.168.0.1 என்று இருந்தது. அது பழைய ரவுட்டரின் முகவரி.

நடந்தது இதுதான். வைஃபையில் சேரும் கருவி எதுவும் முதலில் ‘எனக்கு யார் முகவரி தருவீர்கள்’ என்று வலைப்பின்னல் முழுக்கக் கேட்கும். கீழ் ரவுட்டரின் கேபிளை பழைய ரவுட்டரின் லேன் (உள் வலைப்பின்னல்) போர்ட்டில் செருகி, முகவரி கொடுக்கும் அதன் டிஹெச்சிபி வசதியை அணைக்காமல் விட்டிருந்தார்கள். அதனால் இரண்டு ரவுட்டர்களும் பதில் சொல்லும். பொதுவாக எந்தப் பதில் முதலில் வருகிறதோ அதையே கருவி எடுத்துக்கொள்ளும். பழைய ரவுட்டர் முந்தினால், ‘வெளியே போக என்னிடம் வா’ என்று தன்னையே கேட்வேயாகச் சொல்லும். அதற்கு வெளி இணைப்பே கிடையாது. கருவி வைஃபையில் இருக்கும், முகவரி இருக்கும், இணையம் மட்டும் இருக்காது.

ரீஸ்டார்ட் செய்வது இங்கே கோளாறைக் கூட்டியது. கீழ் ரவுட்டர் அணைந்து மீண்டு வரும் ஓரிரு நிமிடங்களில் முகவரி கொடுக்கப் பழைய ரவுட்டர் மட்டும்தான் இருக்கும். அந்த நேரத்தில் கேட்ட மாடிக் கருவிகள் எல்லாம் தவறான முகவரியைப் பிடித்துக்கொள்ளும். கொடுத்த முகவரி செல்லுபடியாகும் குத்தகைக் காலம் 24 மணி நேரம் என்றிருந்ததால், வைஃபையை விட்டுத் திரும்பச் சேர்ந்தாலும் பல கருவிகள் பழைய முகவரியையே கேட்டு வாங்கின. ‘நாள் முழுக்க அப்படியே கிடக்கும்’ என்ற புகாரின் விளக்கம் இதுவே.

திருத்தம் எளிது. ஆனால் வரிசை மாறினால் பழைய ரவுட்டரின் பக்கத்துக்குள் நுழைய முடியாமல் போகும். முதலில் கீழிருந்து வரும் கேபிளைக் கழற்றிவிட்டு, லேப்டாப்பைப் பழைய ரவுட்டரோடு கேபிளில் இணையுங்கள். 192.168.0.1-க்குள் போய் அதன் லேன் முகவரியை 192.168.1.2 என்று மாற்றிச் சேமியுங்கள். ரவுட்டர் மீண்டு வந்ததும் புதிய முகவரியில் நுழைந்து, அப்போதுதான் டிஹெச்சிபியை அணைக்க வேண்டும். முதலிலேயே அணைத்தால் லேப்டாப்புக்கு முகவரி கிடைக்காது; கையால் 192.168.0.50, மாஸ்க் 255.255.255.0 என்று போட்டுத்தான் மறுபடி உள்ளே போக முடியும். கீழ் ரவுட்டரின் டிஹெச்சிபி எல்லையை 192.168.1.20 முதல் 192.168.1.200 வரை என்று வைத்தால் 192.168.1.2 எந்தக் கருவிக்கும் போகாது. பிறகு கேபிளைத் திரும்ப லேன் போர்ட்டிலேயே செருகலாம். ‘ஆக்சஸ் பாயின்ட்’ முறை உள்ள ரவுட்டராக இருந்தால் இத்தனையையும் அந்த ஒரே தேர்வு செய்துவிடும், கேபிளை எந்தப் போர்ட்டில் செருகுவது என்பதை மட்டும் அதன் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

வெளி இணைப்புக்கான ‘வேன்’ போர்ட்டில் செருகினாலும் இணையம் வரும் என்று சிலர் அப்படியே விடுவார்கள். அப்போது மாடி ஒரு தனி வலைப்பின்னல் ஆகிவிடும். மாடி போனுக்குக் கீழ் பிரிண்டர் தெரியாது, விளையாட்டுகளும் சில அழைப்புச் செயலிகளும், இரண்டு ரவுட்டர்களும் அடுத்தடுத்து முகவரியை மாற்றி அனுப்பும் இரட்டை முகவரி மாற்றத்தில் தடுமாறும்.

54 என்று நின்ற வேகம்

முகவரிச் சிக்கல் தீர்ந்த பிறகும் மாடி லேப்டாப்பின் வேகம் ஏறவில்லை. வைஃபை விவரத்தில் இணைப்பு வேகம் துல்லியமாக 54 எம்பிபிஎஸ். வைஃபை 4 அல்லது அதற்குப் பிந்தைய ரவுட்டரில் நல்ல சிக்னலோடு இந்த எண்ணைப் பார்த்தால் தூரத்தையோ சுவரையோ குறை சொல்ல வேண்டாம், பாதுகாப்பு முறையைத் திறந்து பாருங்கள். இங்கே அது ‘டபிள்யூபிஏ-டிகேஐபி’.

டிகேஐபி என்பது 2003-இல் வந்த தற்காலிக வைஃபை குறியாக்க ஏற்பாடு. அதற்கு முந்தைய டபிள்யூஇபி 2001-லேயே உடைந்துவிட்டதால், பழைய சிப்புகளிலும் ஓடும்படி அவசரமாகத் தைத்த ஒட்டு அது. 802.11என், அதாவது வைஃபை 4, தரநிலை வந்தபோது, டபிள்யூஇபியோ டிகேஐபியோ பயன்பாட்டில் இருந்தால் புதிய வேகங்களைத் தரக் கூடாது என்று விதித்துவிட்டார்கள். அதனால் இணைப்பு பழைய 54-க்கே இறங்கும், கையில் கிடைப்பது அதில் பாதிக்கும் குறைவு. பாதுகாப்பு செட்டிங் ஒன்று வேகத்தைக் கட்டிப்போடுவதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடையாது. அடுத்த தலைமுறை முறையான ‘டபிள்யூபிஏ2’, அதன் குறியாக்கமான ‘ஏஇஎஸ்’ என்று மாற்றியவுடன் இணைப்பு வேகம் 866 ஆனது. ‘டிகேஐபி+ஏஇஎஸ்’ என்ற கலப்புத் தேர்வையும் தொட வேண்டாம். ஏஇஎஸ் தெரியாத கருவி 2004-க்குச் சற்று முன்பின்னான காலத்தது. அதை வைஃபையில் வைத்திருக்க நல்ல காரணம் எதுவும் இல்லை.

வேகச் சோதனையோ இப்போது 94-இல் நின்றது, எத்தனை முறை ஓட்டினாலும் 93, 94. இதுவும் அடையாளம் சொல்லும் எண்: 100 எம்பிபிஎஸ் ஈதர்நெட்டில் உண்மையாகக் கிடைக்கும் உச்சம் அதுதான். இரண்டு ரவுட்டர்களிலும் ஜிகாபிட் (1,000 எம்பிபிஎஸ்) போர்ட்கள். ஆக, குற்றவாளி இடையிலுள்ள கேபிள். மாடிப் பக்க ஆர்ஜே45 கனெக்டரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் விஷயம் தெரிந்தது: ஏழு கம்பிகள் பிளாஸ்டிக்கின் முனைவரை போய்ப் உலோகப் பற்களுக்கு அடியில் முட்டி நின்றன, எட்டாவதான பழுப்புக் கம்பி மட்டும் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் குறைந்து பல்லைத் தொடாமல் நின்றது. 100 எம்பிபிஎஸ்ஸுக்கு 1, 2, 3, 6 ஆகிய நான்கு முனைகள் போதும், ஜிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். அதனால் கேபிள் செத்தது போலத் தெரியாது, வேகத்தை மட்டும் இறக்கிக்கொண்டு வேலை செய்யும். கனெக்டரை வெட்டி எறிந்து, வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு என்ற வரிசையில் புதிய கனெக்டரை கிரிம்ப் செய்ததும், அதாவது அழுத்திப் பொருத்தியதும், மாடியில் 280 வந்தது. கிரிம்ப் செய்யும் முன் எட்டு கம்பிகளையும் ஒரே நீளத்துக்கு நறுக்கி, கனெக்டருக்குள் தள்ளியபின் முனையிலிருந்து பார்த்து எட்டு செம்புப் புள்ளிகளும் தெரிகின்றனவா என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

எந்தப் பாதுகாப்பு முறை

இதில்தான் வீட்டார் மிகவும் குழம்பியிருந்தார்கள், நியாயம்தான். கீழ் ரவுட்டரில் டபிள்யூபிஏ3 மட்டும், மாடியில் டிகேஐபி. பெயரும் பாஸ்வேர்டும் ஒன்று, பாதுகாப்பு முறை வேறு. அப்படி இருக்கும்போது படியேறும் போன் கீழ் ரவுட்டரை விட்டு மாடிக்கு மாற முடியாமல் தவிக்கும். டபிள்யூபிஏ3-இல் சேமித்த இணைப்பைத் தரம் தாழ்ந்த முறையில் தொடர பல போன்கள் மறுக்கும், அது சரியான நடத்தையும்கூட. ஒரே பெயரில் இரண்டு ரவுட்டர்கள் இருந்தால் பாதுகாப்பு முறையும் இரண்டிலும் ஒன்றாக இருக்க வேண்டும்.

2018-இல் வந்த டபிள்யூபிஏ3 உண்மையிலேயே மேலானது. டபிள்யூபிஏ2-இல் ஒரு கருவி சேரும்போது நடக்கும் நான்கு செய்திப் பரிமாற்றத்தைத் தெருவில் நிற்பவர் பதிவு செய்துகொண்டு போய், தன் கணினியில் வைத்து நிதானமாக பாஸ்வேர்டை ஊகிக்கலாம். டபிள்யூபிஏ3-இல் அது முடியாது, ஒவ்வொரு ஊகத்துக்கும் ரவுட்டரிடமே வந்து கேட்டாக வேண்டும். பாஸ்வேர்ட் பின்னாளில் கசிந்தாலும் முன்பு பதிவு செய்த போக்குவரத்தைத் திறக்க முடியாது.

ஆனால் மாடி ரவுட்டருக்கு டபிள்யூபிஏ2-க்கு மேல் தெரியாது, பிரிண்டருக்கும் அப்படியே. இரண்டும் கலந்த ‘டபிள்யூபிஏ2/டபிள்யூபிஏ3’ முறை நடுவழி போலத் தோன்றும். அதில் டபிள்யூபிஏ2-இல் சேரும் ஒரு கருவி இருந்தாலே அதன் பரிமாற்றத்தை வைத்து அதே பாஸ்வேர்டை ஊகிக்கலாம். போதாக்குறைக்கு, சில பழைய பிரிண்டர்களும் கேமராக்களும் கலப்பு அறிவிப்பைப் புரிந்துகொள்ளாமல் சேர மறுக்கும். ஆகவே இந்த வீட்டுக்கு எடுத்த முடிவு: பழைய ரவுட்டர் இருக்கும்வரை இரண்டிலும் டபிள்யூபிஏ2-ஏஇஎஸ், நீளமான பாஸ்வேர்ட், பிஎம்எஃப் என்ற மேலாண்மைச் செய்திப் பாதுகாப்பு ‘விருப்பம்’ என்ற நிலையில். ‘கட்டாயம்’ என்று வைத்தால் பிரிண்டர் மறுபடி வெளியே நிற்கும். மாடி ரவுட்டரை மாற்றும் நாளில் முதன்மை வலைப்பின்னலை டபிள்யூபிஏ3-க்கு ஏற்றிவிட்டு, பிரிண்டர் வகையறாவுக்குத் தனிப் பெயரில் டபிள்யூபிஏ2 வைக்கலாம்.

டபிள்யூபிஏ2-இல் எல்லாப் பாரமும் பாஸ்வேர்டின் மேல். இந்த வீட்டில் அது ஒரு பத்து இலக்கத் தொலைபேசி எண். பத்து இலக்கத்தில் மொத்தம் 1,000 கோடி சேர்க்கைகள். இன்றைய வலுவான கிராஃபிக்ஸ் கார்டு ஒன்று டபிள்யூபிஏ2 ஊகங்களை வினாடிக்குப் பத்து லட்சத்துக்கு மேல் சோதிக்கும். மூன்று மணி நேரத்துக்குள் எல்லாவற்றையும் முயன்று முடித்துவிடலாம். டபிள்யூபிஏ2 பாஸ்வேர்ட் 8 முதல் 63 எழுத்து வரை இருக்கலாம். தொடர்பில்லாத ஐந்து சொற்களை ஆங்கில எழுத்தில் சேர்த்து எழுதினால் 25 எழுத்தைத் தாண்டும், டிவி ரிமோட்டிலும் தட்டிவிட முடியும். சொற்களை மனத்தால் யோசித்து எடுக்காமல், அகராதியைக் கண்ணை மூடிக்கொண்டு திறந்து எடுங்கள். மனம் தேர்ந்தெடுப்பவை ஊகிக்கக்கூடியவை.

அணைக்க வேண்டியவற்றில் முதலாவது, பாஸ்வேர்டுக்குப் பதில் ஒரு எண்ணையோ பொத்தானையோ கொண்டு கருவியைச் சேர்க்கும் டபிள்யூபிஎஸ் வசதி. அதன் எட்டு இலக்க எண்ணை ரவுட்டர் இரண்டு பாதிகளாகச் சரிபார்ப்பதாலும், கடைசி இலக்கம் வெறும் சரிபார்ப்பு எண் என்பதாலும், பத்துக் கோடிக்குப் பதில் 11,000 முயற்சிகளே மிஞ்சுகின்றன. இது 2011-லேயே வெளிவந்த ஓட்டை. பாஸ்வேர்ட் எவ்வளவு நீளமானாலும் டபிள்யூபிஎஸ் எண் வழியாக உள்ளே வந்துவிடலாம். வெளியிலிருந்து நிர்வாகப் பக்கத்தைத் திறக்கும் வசதியையும் அணையுங்கள், நிர்வாகி பாஸ்வேர்டை வைஃபை பாஸ்வேர்டிலிருந்து வேறாக வையுங்கள், ஃபர்ம்வேரைப் புதுப்பியுங்கள்.

வைஃபை பெயரை மறைப்பதும், மேக் முகவரி என்ற கருவி அடையாள எண்ணை வைத்து அனுமதிப் பட்டியல் போடுவதும் பாதுகாப்பே அல்ல. மறைத்த பெயரை, வீட்டுப் போன்களே போகும் இடமெல்லாம் கூவித் தேடும். மேக் முகவரி காற்றில் திறந்தே போகிறது, யாரும் பார்த்து நகலெடுக்கலாம். அதற்கு மேல், ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 முதல் போன்கள் ஒவ்வொரு வைஃபைக்கும் தற்செயலான மேக் முகவரியைப் பயன்படுத்துகின்றன. நெட்வொர்க்கை மறந்து திரும்பச் சேர்த்தாலோ போனை ரீசெட் செய்தாலோ முகவரி மாறக்கூடும், பட்டியலில் இல்லாத போன் காரணம் தெரியாமல் வெளியே நிற்கும்.

மாலை நேர உறைவு

மாலையில் எல்லோரும் வீடு திரும்பியதும் போன்கள் வைஃபையில் சேர்ந்து, அன்றைய படங்களையும் வீடியோக்களையும் கிளவுடுக்கு ஏற்றத் தொடங்கும். அப்லோடு 30 எம்பிபிஎஸ் நிறைந்ததும் மிச்சத் தரவுப் பொட்டலங்கள் ரவுட்டரின் நீண்ட வரிசையில் காத்து நிற்கும். வீடியோ காலின் பொட்டலமும் அதே வரிசையின் கடைசியில். பிங் 12-இலிருந்து 600-க்கு ஏறியது அதனால்தான். உறுதி செய்ய பிங் ஓடும்போதே இரண்டு போன்களின் பேக்கப்பை நிறுத்தினோம், சில வினாடிகளில் 13-க்கு இறங்கியது. திரும்பத் தொடங்கியதும் மறுபடி ஏறியது. டவுன்லோட் வேகத்தை மட்டும் காட்டும் சோதனையில் இது தெரியவே தெரியாது. அதிக வேகத் திட்டத்துக்கு மாறியும் உறைவு போகாத பல வீடுகளின் கதை இதுதான்.

முறையான மருந்து ‘எஸ்க்யூஎம்’ என்ற வரிசை மேலாண்மை. எஃப்க்யூ-கோடெல் அல்லது கேக் முறையைத் தேர்ந்து, அப்லோடு எல்லையைத் திட்ட வேகத்தில் சுமார் 90 விழுக்காடாக, இங்கே 27-ஆக, வைக்க வேண்டும். எல்லை குறைவாக இருப்பதால் வரிசை நம் கட்டுப்பாட்டிலுள்ள ரவுட்டரில் உருவாகும், அது சிறு பொட்டலங்களைக் காக்க வைக்காது. இந்த ரவுட்டரில் அந்த வசதி இல்லை. கருவிவாரியாக வேக எல்லை வைக்கும் வசதி மட்டும் இருந்தது. படம் ஏற்றும் இரண்டு போன்களுக்கும் தலா 10 எம்பிபிஎஸ் அப்லோடு எல்லை வைத்ததும் மாலைப் பிங் 15 முதல் 25-க்குள் அடங்கியது.

சேனல்

மிச்சம் சிறு வேலைகள். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைக்கற்றையில் ஒன்றன்மேல் ஒன்று விழாத சேனல்கள் 1, 6, 11 மட்டும். கீழே 1, மாடியில் 11, இரண்டிலும் அகலம் 20 மெகாஹெர்ட்ஸ். 40 வைத்தால் அக்கம்பக்கத்து வைஃபைகளோடு மோதல்தான் மிஞ்சும். கீழ் ரவுட்டரின் 5 கிகாஹெர்ட்ஸ் ‘ஆட்டோ’வில் 100-ஆம் சேனலுக்குப் போயிருந்தது, லாக்கில் ‘ரேடார் கண்டறியப்பட்டது’ என்று இரண்டு வரிகள். 52 முதல் 144 வரையுள்ள சேனல்களை ரேடாரும் பயன்படுத்துவதால், அதன் அலையைக் கேட்டால் ரவுட்டர் உடனே விலக வேண்டும், அந்தச் சேனலுக்கு 30 நிமிடம் திரும்பக் கூடாது. விலகும்போது அதிலிருந்த கருவிகள் அறும். 36-இல் நிலையாக வைத்ததும் அந்த வரிகள் நின்றன. மாடிக்கு 149, உங்கள் நாட்டின் விதி இடம் கொடுத்தால். இல்லையேல் இரண்டிலும் அகலத்தை 40-ஆகக் குறைத்து மாடிக்கு 44.

தீராமல் நின்றது ஒன்று: பின்கட்டு அறை. அங்கே 5 கிகாஹெர்ட்ஸ் சிக்னல் -79 டிபிஎம். வீடியோ காலுக்கு -67-ஐ ஒட்டி வேண்டும். கீழ் ரவுட்டரை டிவி அலமாரிக்குள்ளிருந்து எடுத்து ஆளுயரத்துக்குச் சுவரில் மாட்டியதில் -73 வந்தது. அதற்கு மேல் இடையிலுள்ள இரண்டு கான்கிரீட் சுவர்கள் விடவில்லை. வயர்லெஸ் எக்ஸ்டெண்டர் வாங்கினால் அதே பலவீனமான சிக்னலைத்தான் அது திரும்ப ஒலிக்கும், ஒரே ரேடியோவில் வாங்கிக் கொடுப்பதால் வேகமும் பாதியாகும். அந்த அறைக்குக் கேட்5ஈ கேபிள் இழுத்து, அதே பெயர், அதே பாஸ்வேர்ட், அதே டபிள்யூபிஏ2-ஏஇஎஸ், டிஹெச்சிபி அணைத்து, முகவரி 192.168.1.3 என்று மூன்றாவது ஆக்சஸ் பாயின்ட் வைப்பதுதான் வழி. கேபிள் இழுக்கும்வரை அந்த அறையை 2.4 கிகாஹெர்ட்ஸில் ஓட்டிக்கொள்ளும்படி விட்டிருக்கிறது. அங்கே அது -66, 25 எம்பிபிஎஸ் தருகிறது.